ஆகாய வழியில் பட்டணம்

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் ஆகாய விமானம்தான். திருச்சிராப்பள்ளியில் அது வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. தபால் மூட்டையோடு இரண்டொரு ஆளையும் பட்டணத்துக்கு ஏற்றிக்கொள்கிறார்களாம். மகனுடைய பூகோளப் படத்தில் நூலை இழுத்துப் பிடித்து அளந்தார். நூற்றுத் தொண்ணூறு மைல்கூட இல்லை, இரண்டே மணி நேரம் என்று முடிவெட்ட வந்தவரிடம்கூடச் சொன்னார். திருச்செங்கோட்டுப் பக்கத்து எங்கள் காட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி போய்ச் சேர எத்தனை நேரம் என்பதை மட்டும் அந்த நூல் அளக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பட்டணத்திலிருந்து என் தம்பியின் தந்தி வந்தது. அம்மாவுக்கு ரொம்ப மோசம், உன்னைக் கேட்கிறாள், உடனே வா. அப்போதே வண்டி பூட்டினால் சங்ககிரியில் ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். விடிந்தால் அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம்.

"ஏனுங்க, ரயிலுக்கே போயிரலாமுங்க" என்றேன்.

"ராத்திரி பூரா குலுங்கிட்டுப் போறதா? ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோயி எறக்கறேன் அம்மிணி" என்றார்.

விமானமோ புதன்கிழமைதான். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்பார்கள். அதைச் செய்தே காட்டினார் மனுஷர்.

செவ்வாய்க்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டோம். மாட்டு வண்டியில் திருச்செங்கோடு, பஸ்ஸில் நாமக்கல், அப்புறம் இன்னொரு பஸ். அது தொட்டியத்தில் டயர் வெடித்து உட்கார்ந்துகொண்டது. திருச்சிராப்பள்ளியில் சத்திரம் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மைதானத்துக்குப் போனால், விமானம் பன்னிரண்டே காலுக்கு என்றார்கள். அவர் முகம் செத்துவிட்டது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம்.

"ஊட்ட உட்டே நல்ல நேரத்துலதானுங்க கெளம்புனோம். அது போதாதுங்களா?" என்றேன்.

"அது தரைக்குப் பாத்த நேரம். கீழ இருக்கறப்பவே ராகு அந்தப் பாடு படுத்தறான். இப்ப அவன் ஊட்டு வாசல் வழியாவே போறோம்!"

அங்கிருந்த குமாஸ்தாவிடம் போய், ஒன்றரைக்கு மேல் கிளப்ப முடியுங்களா என்று கேட்டார்.

குமாஸ்தா சிரிக்கவே இல்லை. "பஞ்சாங்கம் பார்த்துப் பறக்கிற விமானம் இன்னும் வரலைங்க ஐயா" என்றார்.

எங்களை விட்டுவிட்டு அது பறந்து போயிற்று. நான் மட்டுமாவது ஏறியிருக்கலாம். அந்தத் துணிச்சல் அன்றைக்கு எனக்கு வரவில்லை. அவரைத் திட்டுவதில் பாதி என்னைத் திட்டுவதுதான்.

கடைசியில் அன்று இரவு ரயிலில்தான் போனோம். வியாழன் விடியற்காலை தம்பி வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"நேத்துப் பொழுது சாயற வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்துச்சுக்கா. அவ எந்த வண்டிக்கு வாரான்னு கேட்டுட்டே இருந்துச்சு" என்றான் தம்பி.

நான் அம்மா கால்மாட்டில் விழுந்து அழுதுகொண்டிருந்தேன். இழவுக்கு வந்திருந்த யாரோ ஒருவர், அங்கேயிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மரியாதைக்குக் கேட்டார்.

"ஆகாய மார்க்கமா வந்தா ரெண்டே மணி நேரமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அதுவரை நாலு பேர் முன்னால் அவர் பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. தலையை நிமிர்த்தினேன்.

"எனக்கு மூணு நாளாச்சுங்க" என்றேன்.