மேலே வராத மஞ்சள் பெட்டி

கணினித் திரையிலிருந்து அவர் ஏழடி பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையில் மருந்துத் தட்டு ஏந்திய செவிலியரைப் போல விறுவிறுவென்று முன்னால் வருகிறார். மேசையை நெருங்கியதும் கழுத்தை மட்டும் திருப்பித் திரையை ஒரு பார்வை பார்க்கிறார். "தெரியல," என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மறுபடியும் பின்னால் போகிறார். இன்று இது பதினோராவது நடை.

இணையச் செயலிகளில் திடீரென எழும்பி நிற்கும் எச்சரிக்கைப் பெட்டிகளை வடிவமைப்பது அவர் தொழில். நிறம், ஓரம், எழுத்தின் பருமன், எந்தப் பெட்டி எதற்கு மேலே நிற்க வேண்டும் என்ற அடுக்கு, எல்லாம் அவர் பொறுப்பு. எந்தப் பெட்டியானாலும் முதலில் அதன் அளவிலேயே ஒரு மஞ்சள் சீட்டு வெட்டித் திரையில் ஒட்டிப் பார்ப்பார். அலுவலகத்தில் 'அலாரம் அக்கா' என்று பெயர். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. தேடுவதோ எப்போதும் மூன்றாவதை. வீட்டிலும் குளிர்பெட்டிக் கதவு நிறைய மஞ்சள் சீட்டுத்தான். "எனக்கு எழுதின சீட்டு எதுன்னு தேடுறதுக்குள்ள மாத்திரை நேரமே போயிடுது," என்பார் கணவர்.

இப்போது அவரை ஆட்டிப்படைப்பது ஒரு மருத்துவமனைச் செயலி. நோயாளிக்கு ஒவ்வாத மருந்தைச் செவிலியர் தேர்ந்தெடுத்தால், பெட்டி எழும்பித் தடுக்க வேண்டும். எழும்பத்தான் செய்கிறது, ஆனால் மருந்துப் பட்டியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. போன வாரம், ஊசி கைக்கு அருகில் வந்த பிறகு நோயாளியே அலறித் தப்பினார். மூன்று மணிக்குத் தலைமைச் செவிலியர் சோதித்துப் பார்க்க வருகிறார். இன்றும் சரியாகாவிட்டால், செயலியை மூட்டை கட்டிவிட்டுப் பழையபடி நோட்டுப் புத்தகம்தான்.

அடுக்கு எண் பெரிதானால் பெட்டி மேலே வரும் என்பது அவர் கற்ற பாடம். நூறு கொடுத்தார். ஆயிரம் கொடுத்தார். பிறகு ஒன்பதுகளாக வரிசை கட்டினார்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, யாரோட ஃபோன் நம்பரு இது?"

"சிரிக்காதப்பா. பட்டியலுக்கு வெறும் அஞ்சுதான் குடுத்திருக்கேன். அஞ்சு எப்படிப்பா இத்தனை ஒன்பதை முழுங்கும்?"

மஞ்சளைச் சிவப்பாக்கினார். நிழல் கொடுத்தார். மூலையை வளைத்தார். ஒளிந்திருக்கும் பெட்டிக்கு எத்தனை அலங்காரம்!

தலைமைச் செவிலியர் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார். மேசையில் கண்ட இடத்தில் தம் கனத்த ஃபைலைப் பொத்தென்று வைத்தார். அக்கா பதற்றத்தில் மஞ்சள் சீட்டைத் தேடினார். "இங்கதானே ஒரு கவர்ல போட்டு வச்சேன்..."

"கவருக்குள்ள போட்டீங்களா? கவர் என் ஃபைலுக்கு அடியில கெடக்கும்மா. வெளிய எடுத்தாத்தானே கண்ணுக்குத் தெரியும்?"

உறையிலிருந்து சீட்டை உருவிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அக்கா சீட்டைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். பிறகு தாம் எழுதிய வரிகளைத் திறந்தார். எச்சரிக்கைப் பெட்டி, நோயாளியின் விவரப் பெட்டிக்கு உள்ளே இருந்தது. அந்த வெளிப்பெட்டியின் அடுக்கு எண் ஒன்று, பட்டியலின் ஐந்துக்கும் கீழே. அந்த வரிகளை அங்கிருந்து வெட்டி எடுத்து, எல்லாப் பெட்டிகளுக்கும் வெளியே ஒட்டினார்.

தலைமைச் செவிலியர் மருந்துப் பட்டியலைத் திறந்து, ஆகாத மருந்தைத் தேர்ந்தெடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே பெட்டி வந்து நின்றது.

"வந்துடுச்சுக்கா! ஒன்பதை எல்லாம் அழிச்சிடவா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"தொடாதப்பா. எதனால வந்துச்சுன்னு எனக்கே முழுசாப் புரியல."

செவிலியரின் விரல், பழக்க தோஷத்தால், பெட்டியை மூடும் பெருக்கல் குறியை நோக்கி விரைந்தது. பாதி வழியில் விரல் நின்றது. செவிலியர் நோயாளியின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். "ம்... இது இருந்தா நோட்டு வேணாம்," என்று ஃபைலை எடுத்துக்கொண்டார்.

அக்காவின் கையில் இன்னும் அந்த மஞ்சள் சீட்டு இருந்தது. வழக்கம்போல் திரையருகே கொண்டுபோனார். அங்கே அதன் இடத்தில் உண்மையான பெட்டி நின்றது. எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் சற்றே விழித்துவிட்டு, தம் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டார்.