படகை விட்டு இறங்க ஒரு வழி

எஸ்தர் ஆசைப்பட்டுத் துடுப்புப் பிடிக்க வரவில்லை. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் அப்பா சேவியர், பள்ளியில் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்தாவதில் விளையாட்டுக்கு மதிப்பெண் கூட்டித் தருவார்களாம். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. குவார்ட்டர்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

மூன்றே வாரத்தில் எஸ்தருக்கு வெறுத்துப்போனது. குறுகலான படகில் நாலு பெண்கள், ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்தபடி. கால்களைப் படகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். போகிற திசையைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, அந்தப் பக்கம் முதுகுதான். நினைத்தால் எழுந்து போக வழியில்லை என்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பாதில விட்டுட்டு வர்ற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது. அவங்களா வேண்டாம்னு அனுப்பினா வா" என்றார் சேவியர்.

கடைசியாகச் சொன்னதைத்தான் மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, போட்டிக்கு ஆள் பொறுக்கும் நாள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பயிற்சியாளர் ரவிச்சந்திரன், மோட்டார் படகில் கூடவே வந்தார். நடு ஆற்றில் எஸ்தர் வேண்டுமென்றே துடுப்பைச் சரித்துத் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் அதைக் கவ்விக்கொண்டது. துடுப்பின் பிடி வந்து வயிற்றில் இடித்தது. பின்னாலிருந்த ப்ரீத்தியின் துடுப்பு அதன்மேல் மோத, படகு ஆடிச் சாய்ந்து நின்றது. உயிர் போகிற வலியிலும், விட்டது சனியன் என்று எஸ்தருக்குச் சந்தோஷம்தான்.

"யாரு பண்ண தப்பு?" பயிற்சியாளர் கத்தினார்.

"நான்தான் சார். லேட்டா இழுத்து இவ துடுப்புல அடிச்சிட்டேன்" என்று ப்ரீத்தி அழ ஆரம்பித்தாள். சாங்வியிலிருந்து பஸ் பிடித்து ஒருநாள்கூடத் தவறாமல் வருகிறவள், படகென்றால் உயிரை விடுகிறவள். தன் தப்பு என்றே அவள் நம்பினாள்.

"கரைக்குப் போனதும் எறங்கிக்கோ. வேற ஆளப் போட்டுக்கறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பேசாமல் இருந்தால் இருக்க ஆசைப்படுகிறவள் போவாள், போக ஆசைப்படுகிறவள் இருப்பாள். கரையில் எஸ்தர் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அவ மேல தப்பில்ல. நான்தான் வேணும்னே துடுப்ப மாட்டவிட்டேன். எனக்கு இது பிடிக்கல சார். என்னை அனுப்பிடுங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வேணும்னே யாராச்சும் வயித்துல இடி வாங்குவாங்களா? ஃபிரெண்டுக்காகப் பழிய ஏத்துக்கற. சபாஷ்! இப்படி ஒருத்தர் கெடைச்சா பட்டாளத்துல விடவே மாட்டோம்."

ப்ரீத்தியும் இருக்கட்டும் என்றார். இனி படகுக்கு எஸ்தர்தான் கேப்டன் என்று அங்கேயே அறிவித்து, சேவியருக்கு போனும் போட்டுச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னதற்கு இப்படியும் ஒரு தண்டனை உண்டா என்று எஸ்தர் நொந்துகொண்டாள்.

ப்ரீத்தி ஓடிவந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்காகத்தானே அப்படிச் சொன்னே?"

இல்லை என்று சொல்லத்தான் எஸ்தர் வாயைத் திறந்தாள்.

"ஆமா" என்றாள்.