ஒன்பது மணிக்கு முன்னால் ஒரு வெற்றிடம்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சர்வரக்காவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. இத்தனைக்கும் நடந்தது பட்டப்பகலில்.

ஆம்புலன்ஸுக்கு வரும் போன்களை எடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் அவளுக்குச் சர்வரக்கா என்று பெயர். "சர்வரக்கா, ரெண்டு காபி" என்று கிண்டல் செய்தாலும் சிரித்துவிட்டுப் போவாள். அவளுடைய தம்பி அங்கேயே நாலாம் நம்பர் வண்டியின் டிரைவர்.

ஒருநாள் காலை 8:52-க்கு ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. வயதான அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று. வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி 9:31. உயிர் போயிருந்தது. "8:53-க்கே டிரைவருக்குச் சொல்லிட்டேன். அவன்தான் எங்கயோ சுத்திட்டுப் போயிருக்கான்" என்று போன் எடுத்தவர் சாதித்தார். பழி தம்பியின் தலையில் விழுந்தது; வேலையிலிருந்தும் நிறுத்திவைத்தார்கள். ஐந்தாம் நாள் பிற்பகல் நாலு மணிக்கு விசாரணை.

"அக்கா, எனக்கு ஒம்பது இருபதுக்குத்தான் சொன்னாங்க. ரெக்கார்டிங்ல இருக்கும். எடுத்துக் குடுக்கா." அவன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

எப்படிச் சொல்வாள், அது இல்லை என்று? ஒவ்வொரு போனும் முடிந்ததும், அதன் பதிவை நகலெடுத்துத் தேதியையும் நேரத்தையும் பெயராக வைக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை அவள்தான் எழுதியிருந்தாள். காலை பத்து மணிக்கு முன் மணி ஒற்றை இலக்கம். கம்ப்யூட்டர் அதன் முன்னால் பூஜ்யம் போடாது, வெற்றிடம் விடும். அந்த வெற்றிடம் பெயரை இரண்டாக வெட்டிவிடும். நகல் விழாது. வெற்றிடத்தைப் பூஜ்யமாக மாற்ற ஒரே ஒரு வரி போதும். அவள் எழுதவில்லை. அசல் பதிவுகளோ மூன்று நாளில் தானாக அழிந்துவிடும்.

தம்பியின் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுவிட்டாள்.

3:15. சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்து அந்த நாளின் ஃபோல்டரைப் பத்தாவது முறையாகத் திறந்தாள். முதல் ஃபைலே 10-04. அதற்கு முன் ஒன்றுமில்லை.

"யாராவது காப்பாத்துங்களேன்..." வாய்விட்டே சொன்னாள்.

3:22. திரை ஒருமுறை சிமிட்டியது.

பட்டியலின் உச்சியில் ஒரு ஃபைல். 09-20.

முன்னால் பூஜ்யத்தோடு.

அந்த வரியை அவள் இன்னும் எழுதவே இல்லை. ஃபைல் உருவான நேரத்தைப் பார்த்தாள். இன்று, 3:22. நீளம், இருபத்தெட்டு நிமிடம்.

ஹெட்போனை மாட்டினாள்.

"நாலாம் நம்பர், கிளம்புப்பா. பேஷண்டுக்கு மூச்சுத் திணறல்."

"இப்பதான் சொல்றீங்களா? ஒம்பது இருபது ஆகுது." தம்பியின் குரல்.

டொக். போன் வைக்கும் சத்தம்.

அழுதேவிட்டாள். தம்பி தப்பித்தான்.

ஆனால் பதிவு நிற்கவில்லை...

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

யாரோ மூச்சு வாங்கினார்கள். இழுத்து, இழுத்து.

3:31. மூச்சு.

3:40. இன்னும் மூச்சு. ஹெட்போனைக் கழற்ற நினைத்தாள். கை எழவில்லை.

3:49. நின்றது.

3:50.

காதோடு ஒரு பெண் குரல்.

"இருபத்தெட்டு நிமிஷம்... காத்துக்கிட்டே இருந்தேன்மா..."

விசாரணையில் அந்தப் பதிவைப் போட்டார்கள். முதல் இரண்டு வரியிலேயே போன் எடுத்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மறந்துட்டேன் சார். பயத்துல நேரத்தை மாத்தி எழுதிட்டேன்" என்றார். யாரும் நிறுத்தாததால் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சு தொடங்கியதும் அறையில் ஒருவரும் அசையவில்லை. கடைசிவரை கேட்டார்கள்.

தம்பிக்கு அன்றைக்கே வேலை திரும்பக் கிடைத்தது.

வெளியே வராந்தாவில், விசாரணைக்கு வந்திருந்த இறந்தவரின் மகன் அவளை நிறுத்தினார். முகத்தில் இரத்தமே இல்லை.

"கடைசில பேசினது எங்க அம்மா."

"அவங்கதான் போன் பண்ணாங்களா?"

"இல்லம்மா, போன் பண்ணது நான். ஆறு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணி அம்மாவோட குரல்வளையையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் எல்லாமே எழுதித்தான் காட்டுவாங்க. ஒரு வார்த்தை பேசினதில்ல."



அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கடைசி வரிய... இன்னொரு தடவை போடுவீங்களா?"