லிஃப்ட் உண்டு

கிளட்ச் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தியே தொண்டை கரகரத்துப் போனவள். அவள் அதட்டலில் அழுதவர்கள் இருக்கிறார்கள், பாதியில் கம்பி நீட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகக் கற்று முடித்த யாரும் அடுத்தவன் வண்டியில் கொண்டுபோய் இடித்ததாகப் பேச்சு இல்லை. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே. கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

அவள் கணவர் பெயிண்டர். சாரம் சரிந்து கீழே விழுந்ததில் அவருக்கு முழங்கால் மூட்டு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பியும் திருகாணியும் வைத்து ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். மீதி பிசியோதெரபியில்தான் இருக்கிறது என்று அதற்கான மையத்தில் பயிற்சி கொடுக்கும் அம்மாள் கறாராகச் சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, கம்பியைப் பிடித்து நடந்து, காலை மடக்கி நீட்டிப் பழக்கினால் பழையபடி நடப்பார். விட்டுவிட்டால் மூட்டு இறுகிப்போகும், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றாள்.

அதனால் கிளட்ச் அக்கா அந்த மையம் இருக்கிற தெருவிலேயே வீடு தேடினாள். தரைத்தளத்தில் ஒன்றும் அமையவில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது போனில் அந்த விளம்பரம் வந்தது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, நல்ல காற்றோட்டம், லிஃப்ட் உண்டு.

போய்ப் பார்த்தாள். லிஃப்ட் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் 'சர்வீஸ்' என்று ஒரு அட்டை தொங்கியது. வீட்டுக்காரர் மடிப்புக் கலையாத சட்டையும் கலையாத சிரிப்புமாக நின்றார். "ஆள் சொல்லியிருக்கேன்மா. நீங்க சாமான் கொண்டுவந்து இறக்கறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுடும்" என்றார். அவள் நம்பி, அட்வான்ஸ் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாள். வண்டியைக் கிளப்புமுன் மூன்று கண்ணாடியையும் பார் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள், அந்த லிஃப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கவில்லை.

குடிவந்த அன்று அவளிடம் கற்கும் இரண்டு வாட்டசாட்டமான பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு தடவைதானே என்றார்கள். அவர் அன்றைக்கு ஏறியவர்தான்.

லிஃப்ட் ஓடவில்லை. கேட்டால் வீட்டுக்காரர் பாகம் வரவேண்டும் என்றார். அடுத்த வாரம் கேட்டால், பாகம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றார். "எந்தக் கப்பல் சார் அது? நடுக்கடல்ல நங்கூரம் போட்டுட்டுத் தூங்குதா?" என்று இவள் கேட்டாள். அதற்கும் சிரிப்புதான். திட்டினால் திட்டட்டும் என்று துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆட்களிடம் என்ன செய்வது?

அந்தப் பையன்களையே மறுபடி கூப்பிட்டு ஒருநாள் அவரைக் கீழே இறக்கப் பார்த்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவன் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அவர் முழங்கால் கைப்பிடிக் கம்பியில் போய் மோதியது. அவர் போட்ட சத்தத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. திரும்பவும் மேலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

"இனிமே என்னைத் தூக்காதீங்க" என்றார் அவர்.

"அப்போ பிசியோதெரபி?"

"லிஃப்ட் ஓடட்டும், போவோம். பரவாயில்ல, விடு."

அந்தப் 'பரவாயில்ல'தான் அவளுக்கு ஆகவே ஆகாது. அவரைத் திட்டவும் முடியவில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது கோட்டு அடிக்காமயே காசு வாங்கிட்டுப் போயிருக்கான் பாரு" என்று யாரோ ஒரு பெயிண்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அவளாகவே அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். வலி பொறுக்காமல் அவர் கையைத் தட்டிவிடுவார். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

கீழே மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒருநாள் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த லிஃப்டுக்கு மோட்டாரே கிடையாது. கழட்டி வித்துப் பல வருஷமாச்சு. விளக்கு மட்டும்தான் எரியும். உள்ளே அவரோட பழைய மெத்தையெல்லாம் அடைச்சு வச்சிருக்காரு."

அவள் பொட்டலத்தைக் கண்ணாடி மேசையில் அப்படியே போட்டாள்.

"ஏன்யா, நான் வீடு பார்க்க வந்த அன்னிக்கு நீ இதே இடத்துலதானே உட்கார்ந்திருந்த? அப்போ வாயில என்ன வச்சிருந்த?"

"நானும் அவருக்கு வாடகை குடுக்கறவன்தானே. எனக்கு எதுக்கு வம்புன்னு..."

ஒரு ஏமாற்றுக்காரன் நிம்மதியாகக் காலம் தள்ள இப்படி எனக்கெதுக்கு வம்பு என்று பக்கத்தில் நாலு பேர் இருந்தால் போதும், வேறு முதலீடே தேவையில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. படியில் மூச்சிரைத்துக்கொண்டு தினமும் ஏறியவர்கள்தான், அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனவர்கள்தான். அன்றைக்கு அவள் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

அவளிடம் வண்டி கற்றுக்கொண்டிருந்த ஒரு வக்கீல் பெண் இருந்தாள். கோர்ட்டில் என்னமாய்ப் பேசுவாளோ, ஸ்டியரிங்கைப் பிடித்தால் இடது வலதே மறந்துபோகும். மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இந்த மாசத்துலேர்ந்து வாடகையை நிறுத்தப்போறேன். என்ன பண்றான்னு பார்க்கறேன்."

"ஐயோ, அதை மட்டும் பண்ணிடாதீங்கக்கா. நீங்களா நிறுத்தினா தப்பு உங்க பக்கம் வந்துடும். அவர் உங்களைக் காலி பண்ணச் சொல்ல அது ஒண்ணே போதும். முதல்ல எழுதிக் கேளுங்க. இந்தத் தேதிக்குள்ள ஓட வைக்கணும்னு..."

"கிளட்ச்!"

வண்டி உதறிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

"...தேதி போட்டு எழுதுங்க. அப்புறமும் அசையலைன்னா வாடகைத் தகராறு பார்க்கற ஆபீஸ்ல மனு போடலாம். ஓட வைன்னு கேக்கலாம். இல்லாத வசதிக்கு வாடகையைக் குறைன்னு கேக்கலாம். அதுவும் வேண்டாம்னா, சொன்னது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு, நான் போறேன், அட்வான்ஸை முழுசா குடுன்னு கேக்கலாம். அந்த விளம்பரம் இன்னும் இருக்கா?"

"போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன்."

"அப்போ கவலைய விடுங்க."

"கவலைய நான் பார்த்துக்கறேன். நீ கண்ணாடியப் பாரு."

அவள் எழுதி அனுப்பினாள். வீட்டுக்காரர் பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் வார்த்தையில் ஒருத்தரை மடக்குவதில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ருசி. போனில் பேசிப் பதிவு பண்ணியே பதில் அனுப்பினார். "ஏம்மா, லிஃப்ட் உண்டுன்னுதானே போட்டேன்? லிஃப்ட் ஓடும்னு எங்கயாவது போட்டேனா? நல்லா வாசிச்சுப் பாருங்க!" கடைசியில் ஒரு சிரிப்பும் இருந்தது. அதை மருந்துக்கடைக்காரர் உட்பட நாலு பேருக்கும் அனுப்பி, எப்படி மடக்கினேன் பார் என்று பெருமையடித்துக்கொண்டாராம்.

அவள் மனு போட்டாள், வாடகை அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அதிகாரி அந்தப் பதிவை முழுக்கக் கேட்டார். சிரிப்பு வந்த இடத்தில் நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்போதும் அவர் அடங்கவில்லை. "நான் சொன்னதுல பொய் எங்க சார் இருக்கு? லிஃப்ட் இருக்குல்ல?" என்றார்.

வக்கீல் பெண் வாயைத் திறப்பதற்குள் கிளட்ச் அக்கா எழுந்துவிட்டாள்.

"சார், நானும் வாடகை உண்டுன்னுதான் கையெழுத்துப் போட்டேன். வாடகை வரும்னு எங்கயாவது போட்டேனா? கேட்டுச் சொல்லுங்க!"

அறையே சிரித்தது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க கணவர் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"எப்படி சார் வருவாரு? பறந்தா?"

அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் முதல் தடவையாக இறங்கி வந்தார். மோட்டார் போடக் கட்டுப்படியாகாது, வேண்டுமானால் வாடகையில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன், இதோடு விட்டுவிடட்டும் என்றார். யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்று அதிகாரி அனுப்பிவைத்தார்.

பாதி வாடகை! படியேறி வரும்போதே அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். மிச்சமாகிற காசில் வீட்டுக்கே ஆள் வரவழைக்கலாம், அட்வான்ஸுக்கும் வேறு வீட்டுக்கும் அலையவேண்டாம். ஜெயித்துவிட்ட குஷியில் கதவைத் திறந்தவுடனே அவரிடம் சொன்னாள். அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாடகையக் குறைச்சா படி குறையுமா?"

"அதுக்கில்லீங்க. வீட்டுக்கே ஆளை வரச் சொல்லி..."

"எனக்கு வெளியே போகணும்." கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். "பரவாயில்ல பரவாயில்லன்னு நான் சொன்னது நீ சண்டை போடக்கூடாதுன்னுதான். ஜன்னல்ல தெரியற அந்த ஒரு கம்பத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது. கீழே போகணும், அவ்வளவுதான்."

அவருக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது. வெட்கமாக இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் போய், பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம், நாங்கள் போகிறோம் என்றாள். அட்வான்ஸை முழுசாகவும் வீடு மாற்றும் செலவையும் கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது. வீட்டுக்காரர் கொடுத்தார். அந்த மாதமே விளம்பரத்தை மாற்றாமல் மறுபடி போட்டார். அவள் அந்த அதிகாரிக்கே போன் போட்டு அதை எடுக்க வைத்தாள்.

பின்தெருவில் தரைத்தளத்தில் ஒரே அறையாக ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றுகிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் இறக்கிவிட்டு, அவரைப் பெல்ட் போட்ட நாற்காலியில் வைத்துப் படிப்படியாக இறக்கினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். வாசலில் வெயில் பட்டதும் திறந்தார்.

மறுநாள் காலையிலேயே பிசியோதெரபிக்குப் போனார்கள். அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்து மடக்கினாள். பாதி கூட மடங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். அவர் படுக்கை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இப்படி இறுக விட்டிருக்கீங்க. பழையபடி நடக்கறது இனிமே சந்தேகம்தான். இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?"

அவர்தான் சொன்னார்.

"எங்கயும் போகலம்மா. எதிர்ல தெரியுது பாருங்க, அந்த மூணாவது மாடியிலதான் இருந்தேன்."