அசையாதீங்க சார்

ஈ.சி.ஜி. எடுப்பவர் அவர். ஜெல்லை நெஞ்சில் தடவுவதற்கு முன் விரல்களுக்கிடையே தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். "ஜில்லுனு பட்டா உடம்பு தூக்கிப்போடும், கோடு கெட்டுடும்" என்பது அவர் நியாயம். பிறகு ரப்பர் உருண்டைகளை அழுத்தி ஒவ்வொன்றாக நெஞ்சில் ஒட்டவைக்கிறார். மணிக்கட்டுகளுக்கும் கணுக்கால்களுக்கும் கிளிப். ஒயர்களைச் சிக்கெடுப்பதில் மட்டும் அவருக்கு அவசரமே இல்லை. அந்த நேரம் முழுக்கப் பேசுகிறார்.

அப்போது பேசினால்தான் உண்டு. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் படுத்திருப்பவர் வாய் திறக்கக் கூடாது, தசை துடித்துக் கோடு நடுங்கும். "அசையாதீங்க, பேசாதீங்க." தாள் வெளியே வந்ததும் ஆளாளுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நர்சுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அசையாதீங்க சார்'. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு கட்டிலும் திரைச்சீலையும் உள்ள அறை அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாள் பூராவும் மனிதர்களைத் தொட்டு வேலை செய்கிறவர் இவ்வளவு தனியாக இருப்பது எனக்கு மனசைப் பிசையும்.

என் இதயம் அவ்வப்போது தாளம் தப்பும் ரகம் என்பதால் அடிக்கடி அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறேன். முதல் தடவை பயந்து கிடந்தபோது அவர்தான் விளக்கினார். "கரண்ட வெளியில இருந்து நான் குடுக்கல சார். உங்களுதுதான். இதயத்துல மேல ஒரு சின்ன இடம் இருக்கு, அது யாரும் சொல்லாம தானா கரண்டு உண்டாக்கும். மேலறை சுருங்கும். அப்புறம் அந்தக் கரண்டு நடுவுல கொஞ்சம் நின்னுதான் கீழறைக்கு இறங்கும். நிக்காம ஓடினா கீழறையில ரத்தம் நிறைய நேரம் எங்க இருக்கு?" தாளில் சின்ன மேடு மேலறை, உயரமான கூர்முனை கீழறை.

இவ்வளவு சொல்கிறவர், "எல்லாம் நல்லாதானே இருக்கு?" என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "டாக்டர் சொல்லுவாங்க."

காரணத்தையும் ஒரு நாள் அவரே சொன்னார். அவருடைய அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், நெஞ்சுவலி என்று வந்தபோது இவர்தான் எடுத்திருக்கிறார். கோடு சுத்தமாக இருந்தது. "ஒன்னும் இல்லக்கா, வாயுதான்" என்று டாக்டரிடம்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டார். வலி தொடங்கிய புதிதில் கோடு சில சமயம் ஒழுங்காகவே வரும், கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுக்க வேண்டும். அது தெரிந்தவர்தான், சொந்தக்காரர் என்றதும் தைரியம் சொல்ல அவசரப்பட்டுவிட்டார். அத்தான் மறுநாள் இல்லை. அக்கா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே ஊர்தான்.

போன மாதம் அவர் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். அவருடைய தாளை அவரே எனக்குக் காட்டினார். சின்ன மேடுகள் ஒழுங்காக வருகின்றன, கூர்முனை இடையிடையே காணோம். "மேல இருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு சார். கீழ யாரும் எடுக்கல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், ராத்தங்கக் கூட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"நான் இருக்கேனே" என்றேன்.

"உங்களுக்கே ரிப்பேரு. அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். வந்தா பாக்கலாம்."



பேஸ்மேக்கர் வைத்த மறுநாள் பார்க்கப் போனேன். வார்டில், கதவோரத்து நாற்காலியில் ஒரு அம்மாள் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்த அம்மாளுக்கும் ஒரே மூக்கு. ராத்திரியே வந்துவிட்டாராம். ஆனால் தம்பி பக்கம் திரும்பவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் அசடு வழிய நின்றேன்.

நர்ஸ் ஈ.சி.ஜி. எடுத்து முடித்துத் தாளைக் கிழித்தாள். "நல்லா வந்திருக்கும்மா. பயப்பட ஒன்னும் இல்ல." தம்பி எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டுக் கிளிப்பைக் கழற்றினார்.

"கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை எடுங்க" என்றார் அக்கா, நர்ஸிடம். "நான் இங்கதான் இருப்பேன்."

நர்ஸ், இது தேவையா என்பதுபோலத் தம்பியைப் பார்த்தாள். அவர் கழற்றிய கிளிப்பை எடுத்துத் தானே மறுபடி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு படுத்தார்.