பத்தொன்பதாம் கிண்ணம்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் காளவாசல் வீட்டில் பால் தீய்ந்துபோவது வாடிக்கையாகிவிட்டது. அம்மா ஒரு விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்த சமயம். அடுப்புக்கு எதிரிலேயே நின்று குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பாள்; கூடத்திலிருந்து அப்பாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவருவார். "நெல்லுல டாக்டர் பட்டம் வாங்குனவளுக்குப் பாலு காய்ச்சத் தெரியல பாரு" என்பார். நானும் சிரிப்பேன், அம்மாவும் சிரிப்பாள்.

அம்மாவுக்கு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. சீரகச் சம்பாவுக்கு வாசம் உண்டு. ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து, கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். அதைக் குட்டை நெல் ஒன்றோடு கலப்புச் செய்து, பிறந்த செடிகளில் குட்டையாகவும் வாசமாகவும் இருக்கும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இதே தேடல்தான்.

அந்த அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டைச் செடிகளின் அரிசியை வீட்டுக்கே கொண்டுவந்தாள். செடிக்கு ஒரு கிண்ணம். அதில் பத்துப் பதினைந்து அரிசி, வெந்நீர், மூடியின் மேல் ஓர் எண்.

"நீ மோந்து சொல்லு பாப்பா. நான் எழுதிக்கிறேன்."

முதல் கிண்ணத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசமா இருக்கும்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அதன்பின் எதைத் திறந்தாலும் வாசம்தான்.

இருபதாவதுக்கும் அதையே சொன்னதும் அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது ரேஷன் அரிசி பாப்பா."

முகர்பவரைச் சோதிக்க நடுவில் அப்படி ஒன்றை வைப்பது பண்ணையில் வழக்கமாம். எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"எனக்காகச் சொல்லாத. இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. இம்புட்டு வருசப் பாடும் உன் மூக்குலதான் இருக்கு."

அடுத்த ஞாயிறு எண்களை மாற்றி மறுபடி வைத்தாள். இல்லை, இல்லை, இல்லை. அம்மா முகத்தைப் பார்க்காமல் அடுத்தடுத்த மூடியைத் திறந்துகொண்டே போனேன். பத்தொன்பதைத் திறந்ததும் நிமிர்ந்தேன்.

"இருக்கும்மா!"

"எப்பிடி இருக்கு?"

"கல்யாண வீட்டுல பிரியாணிக்கு அரிசி வேகும்ல, அந்த வாசம்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு கிண்ணத்தை வாங்கி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் அப்படியே இருந்தாள். "ஆமா பாப்பா, ஆமா" என்றாள். கண் கலங்கியிருந்தது. தேடியது கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காய்ச்சல் அவள் மூக்கையும் கொண்டுபோயிருந்தது என்பதும், பண்ணையில் தெரிந்தால் செடிகள் வேறு யார் கைக்காவது போய்விடுமென்று அதை வீட்டில்கூட மறைத்தாள் என்பதும், பல வருடம் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையிலும் பால் தீய்ந்தது. அப்பாவுக்கு முந்தி நான்தான் சிரித்தேன்.