இடது கீழ் மூலை

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேமராக் கடை அண்ணாச்சி லென்ஸ் மாட்டாத இரண்டு மிரர்லெஸ் கேமரா பாடிகளையும் மூன்று லென்ஸ்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வரை வைத்துப் பார்த்துவிட்டு, கைக்கு எது பழகுகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பதினான்கு வருஷமாகத் தூத்துக்குடியிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் கல்யாணம், ஞானஸ்நானம், பிள்ளைகளின் புதுநன்மை விழா என்று படம் எடுத்து வருகிறேன். என் பழைய கேமராவின் ஷட்டர் சத்தம் பூசை நேரத்தில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். ஒருமுறை நடுப்பூசையில் பங்குச் சாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கே மிரர்லெஸ் வாங்குவதென்று முடிவு செய்தேன். அதில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம்.

எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். ஒன்று பெரியது, முழு ஃபிரேம் பாடி. இருட்டுக் கோவிலுக்குள்ளும் படம் சுத்தமாக வரும், ஆனால் பெரிய லென்ஸைப் போட்டால் அரை நாளில் மணிக்கட்டு வலிக்கும். இன்னொன்று சின்னது, லேசானது, ஃபோகஸ் வேகம் அதிகம். வெளிச்சம் குறைந்தால் மட்டும் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தருவைகுளம் கடற்கரைக்குப் போனேன்.

முதலில் பெரிய பாடி. வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கேட்டுக்கொண்டு அவர் முகத்தை எடுத்தேன். அவர் குனிந்தாலும் திரும்பினாலும் ஃபோகஸ் கட்டம் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டே போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து அகலமான லென்ஸை மாட்டி, கரையில் வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தேன். இடது கீழ் மூலையில் ஒரு கருப்பு தெரிந்தது.

லென்ஸின் முன்வளையம் கோணலாக மாட்டியிருக்கும் என்று கழற்றினேன். கருப்பு போகவில்லை. லென்ஸை மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. பழைய கேமராவில் கண்ணாடி வழியாக நிஜமான காட்சியைப் பார்ப்போம். மிரர்லெஸில் வியூஃபைண்டருக்குள் இருப்பது ஒரு சின்னத் திரை. அந்தத் திரையில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, எடுத்த படங்களைப் பின்பக்கத் திரையில் பார்த்தேன். படங்களில் கருப்பே இல்லை. வியூஃபைண்டர் கோளாறுதான் என்று உறுதி செய்துகொண்டு சின்னப் பாடியை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

அதிலும் இடது கீழ் மூலையில் அதே கருப்பு.

கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ரெண்டும் வேற வேற கம்பெனிம்மா. ரெண்டுலயும் ஒரே இடத்துல எப்படிக் கெடும்? கண்ணுல தூசி கீசி இருக்கான்னு பாருங்க.”

போனை வைத்துவிட்டு இடது கண்ணைக் கையால் மூடினேன். வலது கண்ணால் மட்டும் படகுகளைப் பார்த்தேன். கேமரா இல்லாமலேயே அது அங்கே இருந்தது. மூக்குப் பக்கமாக, கீழே, பழுப்பும் கருப்புமாக. கண்ணைச் சிமிட்டினேன், கசக்கினேன். அது அசையவில்லை. கையை எடுத்து இரண்டு கண்ணாலும் பார்த்தபோது எல்லாம் முழுசாக இருந்தது. இடது கண் அந்த ஓட்டையை அடைத்துக் காட்டியிருக்கிறது. அப்படி எத்தனை நாளாக அடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பிலிருந்து கனத்த கண்ணாடி போட்டவள் நான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கண் டாக்டர் சொல்லியிருந்தார், இவ்வளவு பவர் உள்ளவர்களுக்கு உள்ளே விழித்திரை மெலிந்திருக்கும், கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ திரை விழுவதுபோல் இருந்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று. அந்த வாரம் முழுக்க என் வலது ஓரத்தில் யாரோ ஃபிளாஷ் அடிப்பதுபோல் இருந்தது. தொழிலே ஃபிளாஷ் என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டாக்டர் சொன்னது தருவைகுளத்தில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரை எப்படி வீடு வரைக்கும் ஓட்டினேன் என்று இப்போதும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் துறைமுகத்தில் சரக்கு இறக்குவதை எண்ணிக் குறிக்கிற வேலையில் இருக்கிறார். சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். திங்கட்கிழமை பெரியதாழையில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவர், மணப்பெண் அவருக்காக ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கல்யாணம் ஒரு சாக்குதான். டாக்டர் வாயால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பீடத்தைப் பார்த்தேன். கீழ்ப்படிகள் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். மெழுகுதிரித் தண்டுகளில் பாதி இல்லை. வீட்டில் கதவு நிலை, காலண்டர், பிரிட்ஜ் என்று எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடி அளந்தேன். என்ன செய்கிறாய் என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். புதுக் கேமராவுக்குப் பழகுகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் வீடியோ எடுக்கும் அண்ணனின் காரில் பெரியதாழைக்குப் போனேன். எட்டு வருஷமாக நாங்கள் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறோம். படம் நான், வீடியோ அவர். அதிகம் பேசமாட்டார்.

அன்றைக்கு வலது கண்ணால் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினேன். பதினான்கு வருஷப் பழக்கத்தை ஒரு காலையில் மாற்ற முடியவில்லை. சின்னப் பாடியில் வியூஃபைண்டர் இடது ஓரத்தில் இருந்ததால் இடது கண்ணை வைத்தால் என் மூக்கு பின்பக்கத் தொடுதிரையில் அழுந்தியது. மூக்கு பட்ட இடத்துக்கு ஃபோகஸ் ஓடியது. மணப்பெண் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற அவள் மாமாவின் சட்டைப் பித்தானைத் தெளிவாகக் காட்டியது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அதைப் பையில் போட்டுவிட்டுப் பெரிய பாடியை எடுத்தேன். அதன் வியூஃபைண்டர் நடுவில் இருந்தது, இடது கண்ணுக்கும் இடம் கொடுத்தது. ஃபோகஸை அதன் பொறுப்பில் விட்டுவிட்டு நான் பொத்தானை மட்டும் அழுத்தினேன். எடுத்த ஒவ்வொரு படமும் சரியாக வந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். நெற்றி வியர்வை வியூஃபைண்டரில் படிந்துகொண்டே இருந்தது.

மாப்பிள்ளை தாலி கட்டியதை எடுத்துவிட்டேன். மோதிரம் மாற்றியதையும் எடுத்துவிட்டேன். அதன்பிறகு வீடியோ அண்ணன் டிரைபாட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். காதருகில் மெதுவாகக் கேட்டார்.

“ஏளா, என்னைக்குல இருந்து நீ இடது கண்ணால படம் எடுக்க?”

நான் கேமராவை இறக்காமல் அடுத்த படத்தை எடுத்தேன். மறுபடியும் கேட்டார். வலது கண்ணில் கீழ்ப்பாதி தெரியவில்லை என்றேன். அவர் கேமராவைக் கையிலிருந்து வாங்கினார், கழுத்து வாரையும் தலை வழியாகக் கழற்றினார்.

“எங்க மாமாவுக்கு இப்படித்தான் திரை விழுந்துச்சு. நாலு நாள் கழிச்சுப் போனாரு, ஒண்ணும் செய்ய முடியலன்னுட்டாங்க. நீ கெளம்பு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

“வீடியோ?”

“அது அங்கன நின்னு ஓடட்டும்.”

மணப்பெண்ணின் சித்தப்பாவிடம் அவரே பேசினார். பெண்வீட்டார் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தங்கள் வண்டியிலேயே என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வழியிலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். “எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் ஓர் இளம்பெண். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்த பிறகு வெகுநேரம் உள்ளே பார்த்தார். விழித்திரை கிழிந்து, மேலிருந்து உரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மேலே உரிந்தால் பார்வையில் கீழே இருட்டுமாம். நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் பிரிந்துவிட்டால் முகங்களைப் பார்க்கிற பார்வை திரும்பாது என்றார். எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பக்கத்தில் மூச்சிரைக்க வந்து நின்றிருந்த என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன்; கேமராப் பையை வீடியோ அண்ணனே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணுக்கு மட்டும் மரப்பு ஊசி, எனக்கு நினைவு இருந்தது. முகத்தை மூடிய துணிக்கு அடியில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. கருவிகள் கைமாறும் சத்தம் கேட்டது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இருமல் வந்துவிடுமோ, தும்மல் வந்துவிடுமோ என்று அந்த நேரம் முழுக்கப் பயந்தேன். செபமாலையின் முதல் பாதி வந்தது, அடுத்த பாதி மறந்துபோனது. கடைசியில், உரிந்த விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். பத்து நாள் இடது பக்கமாகவே ஒருக்களித்துக் கிடந்தேன். வாயு கரையக் கரைய மேலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சுவரின் மேல்விளிம்பு. பிறகு மின்விசிறி. ஒருநாள் காலையில் வீட்டுக்காரரின் நெற்றியும் கண்ணும் தெரிந்தன, மீசை தெரியவில்லை.

பார்வை வந்துவிட்டது. நேர்க்கோடுகள் அந்தக் கண்ணுக்கு மட்டும் லேசாக வளைந்து தெரிகின்றன. அது அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் இடது கண்ணையும் பார்த்தார். அதிலும் இரண்டு இடம் மெலிந்திருக்கிறதாம். அன்றைக்கே அந்த இடங்களைச் சுற்றி லேசர் வைத்துக் காவல் போட்டுவிட்டார். முடிந்து வெளியே வந்தபோது இரண்டு கண்ணும் கூசின. எதுவுமே துலங்கவில்லை. வீட்டுக்காரர் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

பேசாமல் வந்தால் பயம் கூடுகிறது, ஏதாவது படியுங்கள் என்றேன். அவர் என் போனை வாங்கி, நான் திறந்து வைத்திருந்த கேமரா ஒப்பீட்டுக் கட்டுரையைக் கப்பல் சரக்குப் பட்டியல் வாசிக்கிற குரலில் வாசித்தார். எடை இத்தனை கிராம். திரையில் இத்தனை லட்சம் புள்ளி. இந்த லென்ஸ் ஓரத்தில் கொஞ்சம் மங்கல், அந்த லென்ஸ் நடுவில் கூர்மை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் என்னைப் பார்த்துக்கொண்டார்.

வல்லநாடு தாண்டும்போது நிறுத்திவிட்டு, “எழுதுனவனுக்கே எது நல்லதுன்னு தெரியல போலுக்கே,” என்றார்.

பெரியதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கனமாக இருக்கிறது என்றுதானே சொன்னாய் என்று கேட்டார்.

“எந்தக் கண்ணு போனாலும் அதுல எடுக்கலாம்,” என்றேன்.

அவர் போனை மடியில் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.